இடக்கைக்கு வேறு வேலை

கப்பல்துறை, திருகோணமலை
14.01.2025

என் தங்கச்சி ரூபிக்கு,

பொங்கல் கிழக்குப் பக்கமாகத்தான் பொங்கி வழிந்தது. நிருசாவும் நானும் சுகம். உன் முதுகு நோவு எப்படி? ஒஸ்லோக் குளிரில் காலுறை இல்லாமல் திரியாதே.

இந்தக் காலத்தில் கடிதமா என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், பிறகு யாராவது ஒருவர் வெட்டிவிடுகிறோம். மார்கழியில் நீ "மச்சாளை விதவையாக்கப் போறியளோ?" என்று கேட்ட பிறகு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆகவே இனி எழுத்துத்தான். கடிதத்தில் நீ குறுக்கே கதைக்க ஏலாது, பார்.

சங்கதி இதுதான். விமானம் முடிந்துவிட்டது. ஆறு வருஷம்! வள்ளம் கட்டுகிற கொட்டிலில், பைபர் வள்ளங்களுக்கு நடுவில், ஒற்றை ஆள் ஏறுகிற ஒரு விமானம். பரிசோதகர் வந்து சிறகு, எஞ்சின், கம்பி எல்லாவற்றையும் தட்டித் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். சீனன்குடா ஓடுபாதையில் ஆனி 28ஆம் திகதி (உன் ஒஸ்லோக் கலண்டரில் ஜூன் 28) காலை ஒன்றரை மணித்தியாலம் தருவார்கள்.

முதல் பறப்பை நான்தான் பறப்பேன். வேறு பைலட்டைப் பிடியுங்கோ என்று நீ சொன்னாய். அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "கட்டின கைதான் முதல் பிடிக்கோணும். கட்டினவன் ஏறாத வள்ளத்தில சனம் எந்த நம்பிக்கையில ஏறும்?" வள்ளம் கட்டப் பிறந்த எங்கள் அப்பா, வீரசிங்க ஓடாவி, கட்டின எந்த வள்ளமாவது அவர் ஏறாமல் சல்லிக் கடலில் இறங்கினதா? என்னிடம் லைசன்ஸ் இருக்கிறது. பயப்படாதே.

நீ ஓம் என்று எழுதினால் எனக்கு நிம்மதி.

அண்ணா நிசாந்

~

ஒஸ்லோ
03.02.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதுகு நோவு முதுகோடு சுகமாக இருக்கிறது. காலுறை இரண்டு சோடி போடுகிறேன். மச்சாளுக்கு என் முத்தம்.

மார்கழியில் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். பட்ட பயத்துக்குக் கேட்கமாட்டேன். எனக்கு இருப்பது ஒரு அண்ணா.

ஒரே ஒரு கேள்வி. நீங்கள் கடைசியாக எப்போது பறந்தீர்கள்? லைசன்ஸ் அலுமாரிக்குள் பூச்சி உருண்டையோடு பத்திரமாக இருக்கும். கை அப்படியில்லை. பாரிசவாதம் வந்த சனத்துக்குக் கைப்பயிற்சி கொடுக்கிறதுதானே என் வேலை? பாவிக்காத கை எவ்வளவு கெதியாக மறந்துபோகும் என்று நாளாந்தம் பார்க்கிறேன். சிறகைத் தட்டிப் பார்த்த பரிசோதகர் உங்கள் கையைத் தட்டிப் பார்த்தாரா?

பதில் வந்த பிறகுதான் ஓமா இல்லையா என்று எழுதுவேன்.

உங்கள் ரூபி

~

கப்பல்துறை
27.03.2025

என் ரூபிக்கு,

சுகம். இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் தபால் இல்லை, நான்தான். பேனையை எடுப்பேன், உன் கேள்வி முன்னால் வந்து நிற்கும், பேனையை வைத்துவிட்டுப் பெயின்ற் அடிக்கப் போய்விடுவேன். இப்போது விமானத்தில் நாலு பூச்சு நீலம் இருக்கிறது.

கடைசியாகப் பறந்தது 2019 தையில். விமானம் கட்டத் தொடங்கின நாளிலிருந்து நான் விமானத்தில் ஏறவே இல்லை! லைசன்ஸும் காலாவதி. நாலு மணித்தியாலம் பறந்து காட்டினால் புதுப்பித்துவிடலாம், அது போதும் என்று இருந்தேன். உன் கடிதத்தை ஏழெட்டுத் தரம் வாசித்த பிறகு போதாது என்று விளங்கியது.

அதனால் போன கிழமை பஸ் ஏறி இரத்மலானைக்குப் போய் ஒரு பறப்புப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். சொல்லித் தருபவர் ஸல்ஹா மிஸ். கிண்ணியாப் பிள்ளை, வயது இருபத்தேழு, எனக்கு நாற்பத்திரண்டு. முதல் இறக்கத்தில் விமானம் மூன்று தரம் துள்ளியது. "அண்ணா, ஒரு தரம் இறங்கினாப் போதும்" என்றார். வெட்கத்தில் என் காது சுட்டது. ஆனால் நாலாம் நாள் துள்ளவில்லை, அடி!

அந்த விமானத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். சிறகைச் சாய்க்கிற ஸ்டிக் ஆளுக்கொன்று. வேகம் கூட்டிக் குறைக்கிற த்ரொட்டில் நடுவில். நான் இடப்பக்க ஆசனம், ஆகவே இடக்கையில் ஸ்டிக், வலக்கையில் த்ரொட்டில். என் விமானத்திலும் அப்படியே வைத்திருக்கிறேன். வள்ளத்தில் எஞ்சின் கைபிடியைப் பிடித்துப் பழகின கை இடக்கைதானே? கை பழகின பக்கத்தில் வைப்பதுதான் புத்தி என்று யோசித்துச் செய்தேன்.

ஒரே ஒரு கரைச்சல், என்னிடம் ஓடர் கொடுத்த வள்ளத்துக்காகக் காத்திருக்கிற ஸைனுலாப்தீன் காக்கா. வாசலில் நின்றுகொண்டு, "தம்பி, மறதியில என்ர போட்டுக்கும் சிறகைப் பூட்டிப்போடாதே!" என்கிறார்.

இனி ஒவ்வொரு இறக்கத்தையும் உனக்கு எழுதுவேன்.

அண்ணா

~

கப்பல்துறை
28.04.2025

அன்புள்ள ரூபிக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். புதுவருஷத்துக்கு மருத்துநீர் வைத்துத் தோய்ந்தோம். நிருசா பயத்தம்பணியாரம் சுட்டாள். இந்த முறை வெயில் நெருப்பு. கச்சான் காற்று நேரத்துக்கே தொடங்கிவிட்டது. ஸைனுலாப்தீன் காக்காவின் வள்ளத்துக்கு அடித்தட்டு முடிந்தது. சல்லியில் பாரை மீன் நன்றாகப் படுகிறது.

பயிற்சியும் நடக்கிறது.

அண்ணா

~

கப்பல்துறை
13.05.2025

அன்புள்ள ரூபி மச்சாளுக்கு,

உங்கள் சுகத்துக்குப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். நான் சுகம். உங்கள் அண்ணர் சாப்பிடுகிறார், குளிக்கிறார், வேலை செய்கிறார். அதைச் சுகம் என்று எழுதலாமோ தெரியவில்லை.

சித்திரை 24 இரத்மலானையில் பறந்துவிட்டு வந்தவர், கொண்டுபோன பையைக்கூடத் திறக்கவில்லை, நான்தான் திறந்தேன். அதற்குப் பிறகு பயிற்சிக்குப் போகவில்லை. கேட்டால் "காத்து சரியில்லை" என்கிறார். ஸல்ஹா மிஸ் இரண்டு தரம் போன் எடுத்தார். "என்ன மிஸ் நடந்தது?" என்று கேட்டேன். "அத அவர்தான் சொல்லணும், அக்கா. ஆனா வரச் சொல்லுங்க. கட்டாயம் வரச் சொல்லுங்க" என்றார்.

நேற்றுத் தேத்தண்ணி கொண்டு கொட்டிலுக்குப் போனேன். விமானத்துக்குள் ஏறி இருந்து தன் இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார், களவெடுத்த கையைப் பார்க்கிற மாதிரி. என்னைக் கண்டதும் இறங்கிவிட்டார்.

பயிற்சிக்கும் போகமாட்டார், ஆனி 28ஐயும் தள்ளிவைக்கமாட்டார். இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் மச்சாள்? என்னிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லுவார். நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதேயுங்கோ.

அன்பு மச்சாள் நிருசா

~

ஒஸ்லோ
25.05.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கமாட்டேன். சித்திரைக் கடிதத்தில் பணியாரம் இருக்கிறது, பாரை மீன் இருக்கிறது, ஒரு இறக்கம்கூட இல்லை. ஒவ்வொரு இறக்கத்தையும் எழுதுவேன் என்றவர் நீங்கள்தான்.

இதனோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். மேலே ஒரு வரி மட்டும் என் கையெழுத்து. மிச்சத்தை நிரப்பி அதையே திருப்பி அனுப்புங்கோ. ஏசமாட்டேன். அழமாட்டேன். திகதி எப்படித் தெரியும் என்று நீங்களும் கேட்கக்கூடாது.

ரூபி

~

(ரூபி அனுப்பிய தாள். முதல் வரி அவளுடையது. மற்றவை நிசாந் எழுதியவை.)

சித்திரை 24 காலை நான் விமானத்தில் ஏறினேன். அதற்குப் பிறகு...

அதற்குப் பிறகு ஆறு தரம் நன்றாக இறங்கினேன். ஏழாம் தரம், நிலத்துக்கு ஒரு தென்னைமர உயரம் இருக்கும்போது காற்று அடித்து இடச் சிறகு தாழ்ந்தது. ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ள வேண்டும். அரிச்சுவடி அது. என் கை இடப்பக்கம் தள்ளியது.

ஏன் தெரியுமா? வள்ளம் இடப்பக்கம் இழுத்தால் எஞ்சின் கைபிடியை இடப்பக்கம் தள்ளுவோம், வள்ளம் வலப்பக்கம் திரும்பும். பத்து வயதிலிருந்து இடக்கையால் அதைத்தான் செய்கிறேன். விமானம் நேர்மாறு. ஸ்டிக்கைத் தள்ளின பக்கமே சாயும். யோசிக்க நேரமிருந்தால் சரியாகச் செய்கிறேன். பயந்துவிட்டால் கை என்னைக் கேட்பதில்லை. தாழ்ந்த சிறகை இன்னும் தாழ்த்தினேன், ரூபி. அது நிலத்தில் முட்ட ஒரு ஆள் உயரம்கூட இருந்திருக்காது.

"விடுங்க! நான் பிடிச்சிட்டன்!" என்று ஸல்ஹா மிஸ் பறித்தெடுத்து இறக்கினார். எஞ்சினை நிற்பாட்டிய பிறகு என் இடக்கையைப் பார்த்தார். பிறகு கேட்டார், "அண்ணா, நீங்க போட் ஓட்டுறனீங்களா? எங்கட வாப்பாவும் ஓட்டுறவர். கையப் பாத்த உடனே விளங்கிட்டு."

என் விமானத்தில் பக்கத்தில் ஸல்ஹா மிஸ் இருக்கமாட்டார். அதில் ஸ்டிக் இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கிறது, எந்தக் கையாலும் பிடிக்கலாம். இடக்கைதான் பிடிக்க வேண்டும் என்று த்ரொட்டிலை வலச் சுவரில் பூட்டின விசரன் நான்.

நிருசாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு விட்டுவிடவும் ஏலவில்லை. ஆனால் இன்று இந்தத் தாளை முடிக்க முதல் எழும்பிப் போய் ஆனி 28 வேண்டாம் என்று அறிவித்துவிட்டு வந்துதான் மிச்சத்தை எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவுக்கு நான் என்ன சொல்ல?

10.06.2025

~

ஒஸ்லோ
24.06.2025

என் அண்ணாவுக்கு,

ஏசமாட்டேன் என்றேன், ஏசவில்லை. அழமாட்டேன் என்றதுதான் பொய். திகதியை நிற்பாட்டினீர்களே, அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் தெரியுமா? என் ராசா அண்ணா!

இனி அழுகை முடிந்தது, வேலையைக் கதைப்போம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நமக்குச் சுடுகாட்டுக்கு இப்போது அவசரமில்லை. பயம் வந்தால் மிகப் பழைய பழக்கம்தான் முதலில் ஓடிவரும். அதை அழிக்க ஏலாது. பதினொரு வருஷமாக ஆஸ்பத்திரியில் நான் காண்பது அதைத்தான். ஆகவே இடக்கையோடு மல்லுக்கட்டாதேயுங்கோ. அதற்கு வேறு வேலை கொடுங்கோ.

த்ரொட்டிலைக் கழற்றி இடச் சுவரில் பூட்டுங்கோ. ஸ்டிக்கை வலக்கை பிடிக்கட்டும். வலக்கை ஒரு நாளும் வள்ளம் ஓட்டவில்லை, அதற்கு மறக்க வேண்டியது குறைவு. இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன், ஒரு கைப் பழக்கம் மற்றக் கைக்கும் கொஞ்சம் கசியும். அதனால் முதலிலிருந்து பழக வேண்டும், நிறையப் பழக வேண்டும். பறக்கிற நாள் வரைக்கும் எஞ்சின் கைபிடியைத் தொடவே கூடாது.

அப்பாவுக்கு என்ன சொல்ல என்று கேட்டீர்கள். கட்டின கை என்றுதானே அவர் சொன்னார்? ஆறு வருஷம் வாளும் அரத்தாளும் தூரிகையும் பிடித்தது எந்தக் கை, அண்ணா? வலக்கைதானே கட்டினது. அதையே பிடிக்க விடுங்கோ.

கடைசி நிபந்தனை. ஸல்ஹா மிஸ் ஓம் என்றால்தான் நீங்கள் ஏறலாம். இல்லை என்றால் அவர் பறக்கட்டும், நீங்கள் கீழே நின்று கைதட்டுங்கோ. இதற்கு நீங்கள் ஓம் என்று எழுதினால் நானும் எழுதுவேன்.

மச்சாளிடம் எல்லாவற்றையும் இன்றைக்கே சொல்லுங்கோ.

ரூபி

~

கப்பல்துறை
17.08.2025

ஓம்.

முதல் சொல்லாகவே எழுதிவிட்டேன். சுகத்தை இனிக் கேட்கிறேன். சுகமா?

நிருசாவிடம் சொன்னேன். அகப்பையோடு குசினியால் வந்தவள், "இதுக்கே இவ்வளவு நாளும் மூஞ்சியைத் தூக்கி வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டு அழுதாள். பிறகு த்ரொட்டில் கழற்றத் திருகாணிச் சாவியை அவளே எடுத்துத் தந்தாள். மாற்றிப் பூட்டிப் பரிசோதகருக்கும் காட்டியாயிற்று. புரட்டாதி 20 புதுத் திகதி.

ஸல்ஹா மிஸ் உன் கடிதத்தை வாசித்துவிட்டு எழும்பித் தன்னுடைய ஆசனத்தை எனக்குத் தந்துவிட்டார்! வலப்பக்க ஆசனத்தில் இருந்தால் வலக்கையில் ஸ்டிக், இடக்கையில் த்ரொட்டில், என் விமானத்தில் இருப்பது போலவே. முதல் கிழமை வலக்கை ஏடு தொடக்கின பிள்ளை மாதிரித் தத்தளித்தது. மிஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. "அண்ணா, கிண்ணியாப் பக்கம் இறால் என்ன விலை போகுது?" என்று கேட்பார். நான் வாயைத் திறக்கும்போது ஒரு சிறகைத் தட்டிவிடுவார். இதுவரை அறுபத்துநாலு இறக்கம். கடைசி முப்பதில் ஒரு தரம்கூடக் கை பிழைக்கவில்லை.

ஒரு பகிடி கேள். ஸைனுலாப்தீன் காக்காவின் வள்ளம் கடலில் இறங்கியது. கட்டினவன் முதலில் ஓட்ட வேண்டும், நானோ கைபிடியைத் தொடக்கூடாது. என்ன செய்ய? நிருசாவை ஏற்றினேன். "இதென்ன புதுப் பழக்கம்?" என்று காக்கா துள்ளினார். "காக்கா, வள்ளத்துக்குப் பைபர் துணி எல்லாம் ஒட்டினது ஆர்? அவளும் கட்டினவள்தான்" என்றேன். சல்லியிலிருந்து கடலுக்குள் இருக்கிற பாறை வரைக்கும் போய் ஒரு வட்டம் அடித்து வந்து வள்ளத்தை மணலில் ஏற்றினாள். நான் இடக்கையைக் கட்டியிருந்த சறத்தின் மடிப்புக்குள் சொருகிக்கொண்டு முன்னுக்கு இருந்தேன். கரையில் நின்ற சனம் கைதட்டியது அவளுக்குத்தான்.

மிஸ் தன் முடிவை அன்றைக்குக் காலையில்தான் சொல்வாராம். இல்லை என்றால் அவர் பறப்பார். எனக்குச் சம்மதம். எழுதியும் கொடுத்துவிட்டேன்.

அண்ணா

~

ஒஸ்லோ
30.08.2025

அன்புள்ள அண்ணா,

சுகம், சுகம், சுகம்.

ஓம்.

ரூபி

~

கப்பல்துறை
21.09.2025

என் ரூபிக்கு,

நிருசா நேற்றே "இறங்கிட்டார்" என்று ஒரு சொல் உனக்கு அனுப்பினாள். "மிச்சம் கடிதத்தில வரட்டும்" என்று நீ பதில் போட்டாயாம். கல்நெஞ்சுக்காரி! இந்தா, மிச்சம்.

நிருசா புதுச் சக்கரத்துக்கு வைக்கத் தேசிக்காய் கொண்டுவந்தாள். சீனன்குடா வாசலில் நின்ற விமானப்படைப் பெடியன் நாலு தேசிக்காயையும் கையில் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு விட்டான். சக்கரம் ஏறி நசித்த பிறகு ஸல்ஹா மிஸ் ஒரு தோல் விடாமல் பொறுக்கிப் பையில் போட்டார், எஞ்சின் இழுத்துவிடும் என்று. பிறகு என் முன்னால் வந்து நின்றார்.

"ரெண்டு கையயும் நீட்டுங்க. நடுங்குதா?"

"கொஞ்சம் நடுங்குது மிஸ்."

"நடுங்கல்ல எண்டு சொல்லியிருந்தா நான்தான் ஏறியிருப்பன். ஓம் அண்ணா, போங்க."

த்ரொட்டிலை முழுக்கத் தள்ளினேன். ஓடுபாதையில் சக்கரம் கடகடவென்று ஓடியது, பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது. ரூபி, பறந்துவிட்டது! நான் கட்டினது பறந்துவிட்டது! மேலே தனியே இருந்து "அப்பா! அப்பா!" என்று கத்தினேன். றேடியோ திறந்திருந்ததாம், கீழே எல்லாருக்கும் கேட்டதாம். எண்ணெய்த் தாங்கிகள் போத்தல் மூடி மாதிரிக் கிடந்தன. எங்கள் கொட்டிலின் தகரம் கப்பல்துறையில் மின்னியது. மிஸ் சொல்லித் தந்தபடி மெதுவாகப் பறந்து பார்த்தேன், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம்.

இறங்குவதற்குத் துறைமுகப் பக்கத்தால் வந்தேன். ஓடுபாதைக்கு முன்னால் தண்ணீரில் ஒரு இடம் கறுத்துச் சுருங்கி இருந்தது. கடலில் திரிந்தவனுக்கு அது என்ன என்று தெரியாதா? "மிஸ், காத்து வருது" என்று காற்று வர முதலே றேடியோவில் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, அடித்தது. இடச் சிறகு தாழ்ந்தது. அதே உயரம், அதே சிறகு.

வலக்கை ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளியது. நான் சொல்லவில்லை, அதுவாகவே தள்ளியது. சிறகு நிமிர்ந்தது. சக்கரம் ஒரே ஒரு தரம் தொட்டது.

எஞ்சினை நிற்பாட்டின பிறகுதான் இடக்கையைப் பார்த்தேன். அதுவும் தன் பழைய வேலையைச் செய்திருக்கிறது, ரூபி. த்ரொட்டிலைப் பிடித்துத் தன் பலம் முழுவதையும் போட்டு இடப்பக்கம் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது! பாவம், த்ரொட்டில் முன்னும் பின்னும்தான் போகும். பக்கவாட்டில் அசையாது. குமிழ் அழுத்தின அடையாளம் உள்ளங்கையில் இன்னும் சிவப்பாக இருக்கிறது. மிஸ்ஸுக்குக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், த்ரொட்டிலைப் பார்த்தார், "உங்கட தங்கச்சிக்கு என்ர சலாம் சொல்லுங்க" என்றார். என் இடக்கையைப் பிடித்த நிருசா வீடு வரும்வரை விடவில்லை.

பின்னேரம் சல்லிக்குப் போனோம். ஸைனுலாப்தீன் காக்கா தன் வள்ளத்தைத் தந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு கைபிடியை இடக்கையிடம் திருப்பிக் கொடுத்தேன். அலை வள்ளத்தை இடப்பக்கம் இழுத்தது, கை இடப்பக்கம் தள்ளியது, வள்ளம் நேரே போனது. அது பிழையான கை இல்லை, பார்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் எடு. நீ அழு, நான் கத்துகிறேன். இந்த முறை ஒருவரும் வெட்ட வேண்டாம்.

உன் அண்ணா
நிசாந்